வெள்ளைதான் சிக்கல்: மாதிரி விமானத்துக்கு நாமே சின்னம் இடுவது

ஹாக்கர் ஹண்டர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் கிட் ஒன்றை வாங்கிப் பிரித்தால், கூடவே வரும் டெக்கால் தாளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானப்படையின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டம் இருக்கும். இல்லையென்றால் சுவிட்சர்லாந்தின் சிலுவை இருக்கும். 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவுக்கு வந்த பாகிஸ்தான் டாங்குகளை அடித்து நொறுக்கியவை இந்திய ஹண்டர்கள். அந்த விமானத்தைச் செய்ய நினைக்கிறவருக்கு இறக்கையும் உடலும் பெட்டியிலேயே வந்துவிடுகின்றன. அது நம் விமானம் என்று சொல்லும் அடையாளம் மட்டும் வருவதில்லை. சில நிறுவனங்கள் இந்தியச் சின்னத்தையும் சேர்த்துத் தருகின்றன. அப்போதும் நாம் விரும்பும் படைப்பிரிவோ நாம் தேடும் வால் எண்ணோ அதில் இருப்பது அபூர்வம்.

ஆகவே இந்திய விமானங்களைச் செய்கிறவர்கள் சின்னத்தைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எப்படிச் செய்வது என்பதற்கு வெளிநாட்டுக் கையேடுகளில் விரிவான வழிமுறைகள் உண்டு. ஆனால் அவை சொல்லும் பிரிண்டர்களும் தாள்களும் திரவங்களும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடையில் போய்க் கேட்டு வாங்கக்கூடியவை அல்ல. கிட்டையே கூரியரில்தான் வரவழைக்க வேண்டும். அதே நேரம், அந்தக் கையேடுகளை எழுதியவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. வண்டிகளுக்கு எண்பலகை எழுதும் ரேடியம் கடையும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறையும்தான் அவை. வீட்டு பிரிண்டரால் முடியாத வேலையை இந்த இரண்டும் முடித்துக் கொடுத்துவிடும் என்பதே என் கருத்து. ஏன் என்பதைச் சொல்ல, கேள்வியை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எந்த விமானம், எந்த ஆண்டு

சின்னத்தை அச்சிடுவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது, செய்யப்போகும் விமானம் எந்த ஆண்டில் பறந்தது என்பது. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டமேதான் நம் படைக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இறங்கியதும் அந்த வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பு ஆபத்தாகிவிட்டது. ஜப்பானிய விமானங்களின் சின்னமே ஒரு சிவப்பு வட்டம். தூரத்திலிருந்து பார்க்கும் பீரங்கிக்காரர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அமெரிக்கா 1942 மே மாதத்தில் தன் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்தது. இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களிலும் சிவப்பு மறைந்து, கருநீலத்துக்குள் வெளிர்நீலமோ வெள்ளையோ கொண்ட சிறிய வட்டம் வந்தது. 1945 தொடக்கத்தில் போர் விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் அகலமான வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. வண்ணம் பூசாமல் வெள்ளி நிறத்தில் பறந்த விமானங்களில் அதே பட்டை கருநிறத்தில் இருந்தது.

1945 மார்ச்சில் படையின் பெயரோடு 'ராயல்' சேர்ந்தது. 1950 ஜனவரி 26 அன்று அது நீங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, குடியரசு ஆகும் வரையிலான காலத்தில் அசோகச் சக்கரத்தையே வட்டச் சின்னமாகக் கொண்ட விமானங்கள் பறந்தன. அதன் பிறகுதான் இன்றைய மூவர்ண வட்டம். இந்த வட்டத்தில் புதிதாகச் செய்கிறவர்கள் பலர் சறுக்குகிறார்கள். தேசியக் கொடியில் காவி மேலே இருப்பதால், வட்டத்தில் காவியை வெளியே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் பச்சை வெளியே, வெள்ளை நடுவளையம், காவி மையம். வாலில் இருக்கும் மூன்று பட்டைகளில் காவி விமானத்தின் மூக்குப் பக்கம் பார்த்து நிற்கும். ஆகவே இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் பட்டைகளின் வரிசை மாறும். ஒரே படத்தை இரண்டு முறை அச்சிட்டு இருபக்கமும் ஒட்டினால் ஒரு பக்கம் தவறாகிவிடும்.

வால் எண்ணின் முன்னெழுத்து விமானத்தின் வகையைச் சொல்லும். ஹண்டருக்கு பிஏ, கான்பராவுக்கு ஐஎஃப், நாட் விமானத்துக்கு இ, மிக்-21 பைசனுக்கு சியூ, மிக்-29க்கு கேபி, சுகோய்-30க்கு எஸ்பி, தேஜஸுக்கு எல்ஏ. ஏஎன்-32 சரக்கு விமானத்துக்கு கே. இந்த எழுத்துகள் வெறும் பதிவெண்ணாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பி வங்கக் கடலுக்கு மேல் காணாமல்போன ஏஎன்-32ன் எண் கே2743. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்தது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி. கிட்டோடு வந்த ஏதோ ஓர் எண்ணை ஒட்டிய ஏஎன்-32 அலமாரிக்கு அழகு. கே2743 என்று எழுதிய ஏஎன்-32 அந்த 29 பேருக்கும் நாம் செலுத்தும் மரியாதை. ஓர் எழுத்தும் நான்கு எண்களும் அத்தனை வேலை செய்கின்றன. அதனால்தான் சின்னத்தை நாமே செய்துகொள்ளும் இந்தக் கலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. போர்க் காலத்தில் சென்னை மாகாணத்து மக்களிடம் திரட்டிய நிதிக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கின. விழுப்புரமும் திண்டிவனமும் இருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டமும் அந்த மாகாணத்தில் சேர்ந்ததுதான். இவற்றில் 79வது படைப்பிரிவு பர்மா முனைக்கே வந்து ஹரிக்கேன்களிலும், பிறகு தண்டர்போல்ட்களிலும் பறந்தது. அதன் அடையாள எழுத்து என்வி. இதே காலத்தில்தான் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று தமிழ்நாட்டில் வரிசையாக விமானத் தளங்கள் எழுந்தன. சோழவரத்து ஓடுதளம் பின்னாளில் கார் பந்தயத்துக்குப் பேர்போனது. விழுப்புரத்திலிருந்து திருச்சி சாலையில் தெற்கே போனால் வரும் உளுந்தூர்பேட்டைத் தளம் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. தண்டர்போல்ட்டின் கிட் கிடைப்பது கடினமில்லை. ஆகவே விழுப்புரத்துக்காரர் ஒருவர் முதலில் செய்யத் தகுந்த விமானம் என்வி எழுத்து தாங்கிய தண்டர்போல்ட் என்பேன். அதற்கு வேண்டியது பட்டைகள், எழுத்துகள், ஒரு சிறிய நீல வட்டம். கடினமான சித்திரம் எதுவும் கிடையாது.

பிரிண்டருக்குத் தெரியாத நிறம்

டெக்காலின் சூத்திரம் பழையது. தாளின் மேல் தண்ணீரில் கரையும் பசை. பசையின் மேல் மெல்லிய படலம். படலத்தின் மேல் அச்சு. தண்ணீரில் நனைத்தால் பசை இளகி, படலம் அச்சோடு வழுக்கி வரும். அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் தண்டில் இருந்த பெயரையும், பாட்டி வீட்டுத் தையல் மெஷினின் பொன்னிறக் கொடியையும் நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பீங்கான் கோப்பையில் பூப்படம் ஏறுவதும் பெரும்பாலும் இதே முறையில்தான். அங்கே படலம் சூளையில் எரிந்துபோய் வண்ணம் மட்டும் நிற்கும்.

இன்று இந்தத் தாள் வெறுந்தாளாகவே விற்கிறது. இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று. இரண்டிலும் தெளிந்த படலம், வெள்ளைப் படலம் என இரு வகை. இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் படலம் சூட்டில் உருகி உள்ளே சுற்றிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடைக்காரர் நாம் நீட்டும் தாளைப் பார்த்துத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் போகும்போது லேசர் தாள் என்று அச்சிட்ட உறையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒரு தாளை மட்டும், கைவழி ட்ரேயில் வைத்து விடச் சொல்ல வேண்டும்.

லேசரில் வந்த அச்சு தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் மை கரையும். ஆகவே அச்சிட்ட பிறகு தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரேயை இரண்டு மூன்று முறை லேசாக அடித்து, ஒரு நாள் காயவிட்டுத்தான் நனைக்க முடியும். ஒரேயடியாகக் கனமாக அடித்தால் ஸ்பிரேயே மையை இளக்கிவிடும்.

கூர்மையில் குறை சொல்ல முடியாது. 1:72 அளவில், நிஜ விமானத்தின் ஓர் அங்குலம் மாதிரியில் 0.35 மில்லிமீட்டர். 8 அங்குல உயர எண் 2.8 மில்லிமீட்டர். விமானத்தின் உடலில் பொறிக்கும் 'இங்கே மிதிக்காதே' போன்ற ஓர் அங்குல எழுத்து 0.35 மில்லிமீட்டர். 600 டிபிஐ பிரிண்டரின் ஒரு புள்ளி சுமார் 0.04 மில்லிமீட்டர் என்பதால், அந்த எழுத்துக்கு உயரத்தில் எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. படிக்க முடியாவிட்டாலும், எழுத்து என்று கண்ணுக்குப் படும். கறுப்பு எண்களையும் இத்தகைய நுண்ணெழுத்துகளையும் லேசர் அச்சுக்கே விட்டுவிடலாம். இதில் வேறு வழி தேடுவது வீண்.

நிறத்துக்கு வரும்போதுதான் எல்லாம் தடுமாறுகிறது. வீட்டிலும் கடையிலும் இருக்கும் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெள்ளையை நம்பியே அது வண்ணம் காட்டுகிறது. தெளிந்த படலத்தில் நம் மூவர்ண வட்டத்தை அச்சிட்டால், நடுவளையம் வெறும் கண்ணாடியாக இருக்கும். சாம்பல் நிற விமானத்தில் ஒட்டினால் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலும், காவி இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் நிறமும்தான் தெரியும். பிரிட்டிஷ் வட்டத்துக்கும் இதே கதிதான். ஆனால் நம் சின்னத்தில் அடி அதிகம். காவி எடுப்பாகத் தெரிய அதன் அடியிலும் வெள்ளை வேண்டும். பச்சை உருமறைப்பின் மேல் பச்சை வளையம் தனித்துத் தெரிய அங்கும் வெள்ளை வேண்டும்.

இதற்கு இதுவரை முயன்று பார்க்கப்பட்ட தீர்வுகள் பல. வெள்ளை மைநாடாவோடு அச்சிட்ட ஆல்ப்ஸ் பிரிண்டர்களை வெளிநாட்டு மாதிரிக் கலைஞர்கள் கொண்டாடினார்கள்; அதன் உற்பத்தி நின்று நெடுநாளாயிற்று. வெள்ளை டோனர் போடும் ஓகி லேசர் பிரிண்டர்கள் உண்டு. ஒரு பொழுதுபோக்குக்காக வாங்கும் விலையில் இல்லை. அண்மையில் ஊருக்கு ஊர் வந்திருக்கும் யூவி டிடிஎஃப் அச்சு வெள்ளையைத் தாராளமாகப் போடுகிறது. தண்ணீர் பாட்டிலுக்கும் பரிசுக் கோப்பைக்கும் அது அருமையாக இருக்கும். மாதிரி விமானத்தில் அதன் தடிமனே எதிரி: ஓரம் மேடாக நிற்கும், உடலில் உள்ள தகட்டுக் கோடுகளுக்குள் படியாது. பெரிய 1:32 அளவுக்குக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெள்ளைப் படலத் தாளில் அச்சிட்டு, வட்டத்தின் ஓரத்தோடு வெட்டுவது எளிய வழி. வட்டத்துக்குத் தெளிவான ஓரம் இருப்பதால் இது நன்றாகவே பலிக்கும். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் உதவாது. செருப்புத் தைக்கிறவர்கள் தோலில் துளை போடும் பஞ்ச், ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் வாரியாக செட்டாகக் கிடைக்கும். ரப்பர் பாயின் மேல் தாளை வைத்து ஒரே தட்டு. விளிம்பில் வெள்ளை நூலிழை தெரிந்தால், பச்சையைத் தூரிகை நுனியில் எடுத்து ஒற்றிவிடலாம். மேலே தெளிந்த படலத்து வட்டம், கீழே அதே அளவு வெள்ளை வட்டம் என்று இரண்டு அடுக்காக ஒட்டுகிறவர்களும் உண்டு. அடுக்கு ஏற ஏறத் தடிமனும் ஏறும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் அடிக்கும்.

ரேடியம் கடை

இதையெல்லாம் தாண்டி நிற்கும் வழி, சின்னத்தை ஒட்டாமல் வண்ணமாகவே அடித்துவிடுவது. நிஜ விமானத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள். அதற்கு, வண்ணம் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்க் வேண்டும். மாஸ்க்குக்கு நுட்பமான வெட்டு வேண்டும். ஐரோப்பாவில் இதற்காகவே வீட்டில் வினைல் வெட்டும் சிறு பிளாட்டர் வாங்கி வைக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. திண்டிவனம் சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் கூடும் ஊர். விழுப்புரமும் சாலைகளும் தண்டவாளங்களும் கூடும் ஊர். லாரியும் வேனும் ஆட்டோவும் நிற்கும் இடத்தில் ரேடியம் கடை இருக்கும். ரேடியம் கடையில் பிளாட்டர் இருக்கும். குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் வளைவு நெளிவோடு வெட்டிப் பழகிய கை அங்கே இருக்கிறது.

கடைக்காரரிடம் படமாகக் கொண்டுபோகக் கூடாது, கோரல் டிராவில் திறக்கும் கோட்டுருவமாகக் கொண்டுபோக வேண்டும். அளவை மில்லிமீட்டரில் எழுதி வைக்க வேண்டும். அவர் வழக்கமாக எழுத்தை வைத்துக்கொண்டு சுற்றியுள்ளதை உரித்து எறிவார். நமக்கோ பெரும்பாலும் சுற்றியுள்ளதுதான் வேண்டும். "அண்ணே, இது ஒட்டறதுக்கு இல்ல, பெயிண்ட் அடிக்கறதுக்கு. எதையும் உரிக்க வேணாம், வெட்டி அப்படியே குடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

எந்த வினைல் என்பதும் முக்கியம். மின்னும் ரேடியம் ஷீட் தடிமன் அதிகம், பசை மூர்க்கம். அடியில் உள்ள வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். எளிதில் உரியும் ஓராகால் 631 வகையோ, ஸ்டென்சிலுக்கென்றே வரும் ஓராமாஸ்க் படலமோ கடையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மெல்லிய மாஸ்கிங் டேப்பை வினைலின் அடித்தாளில் வரிசையாக ஒட்டிக் கொண்டுபோய் அதை வெட்டச் சொல்லலாம். சாதாரண வினைல் என்றால், ஒட்டும் முன் உள்ளங்கையிலோ துணியிலோ இரண்டு முறை அழுத்தி எடுத்தால் பசை தணியும். பிளாட்டரின் கத்திக்கும் எல்லை உண்டு. 3, 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எழுத்தின் மூலைகள் மழுங்கும். சின்ன வட்டங்களில் வெட்டு தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் சேராமல் சிறு படி விழும். அந்த அளவுக்குத் தோல் பஞ்ச்சே மேல்.

வண்ணம் அடிக்கும் வரிசை நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. உருமறைப்பை அடித்து முடித்துவிட்டு அதன் மேல் சின்னம் வைப்பது டெக்காலின் வரிசை. மாஸ்க்கில் சின்னம்தான் முதலில். வட்டம் வரும் இடத்தில், அதைவிடப் பெரிதாக வெள்ளை அடிக்க வேண்டும். காய்ந்ததும் ஸ்டென்சிலை வைத்து மையத்தில் காவி. காவி காய்ந்த பின் காவியையும் வெள்ளை வளையத்தையும் சேர்த்து மூடும் வட்டத்தை ஒட்டிவிட்டு, சுற்றிலும் பச்சை. கடைசியாகப் பச்சையின் வெளிவிளிம்பு வரை மூடும் பெரிய வட்டம். இப்போது விமானம் முழுவதுக்குமான சாம்பலையோ பச்சை, பழுப்பையோ அடித்து, காய்ந்ததும் வட்டங்களை ஊசி முனையால் தூக்கினால், மூன்று நிறமும் கூரான ஓரத்தோடு நிற்கும். ஓரத்தில் வண்ணம் கசியாமல் இருக்க, ஒவ்வொரு மாஸ்க்கும் ஒட்டியவுடன் முந்தைய நிறத்தையே ஒரு முறை லேசாக அடிப்பது நல்ல பழக்கம். கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும்.

79வது படைப்பிரிவின் தண்டர்போல்ட்டுக்கும் இதே தர்க்கம். உருமறைப்பின் மேல் வெள்ளை எழுத்து, வெள்ளைப் பட்டை. முதலில் வெள்ளை, அதன் மேல் என், வி எழுத்துகளையே மாஸ்க்காக ஒட்டி, பட்டைகளுக்கு டேப் போட்டு, பிறகு உருமறைப்பு. நிஜத்தில் 2 அடி உயரமுள்ள எழுத்து 1:72ல் சுமார் 8.5 மில்லிமீட்டர். எந்த ரேடியம் கடை பிளாட்டரும் இதைச் சிரமமின்றி வெட்டும்.

காவி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேசியக் கொடியின் நிறங்களுக்கு 1951லேயே இந்தியத் தரம் வகுக்கப்பட்டு 1968ல் திருத்தப்பட்டது. ஆனால் விமானத்தில் இருக்கும் காவி, வெயிலில் மாதக்கணக்கில் நின்ற காவி. புகைப்படங்களில் அது வெளிறிய ஆரஞ்சாகத்தான் தெரிகிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக் ஆரஞ்சோடு சிறிது மஞ்சளும் வெள்ளையும் கலந்தாலே போதும். இந்த ஒரு நிறத்துக்காக வெளிநாட்டுக் குப்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பத்திரிகை அடிக்கும் பட்டறை

வண்ணமாக அடிக்க முடியாதவையும் உண்டு. படைப்பிரிவின் சின்னம், நாகரியில் எழுதிய 'பாரதிய வாயு சேனா', மூக்கில் வரையும் சிறு ஓவியம். இவற்றை மாஸ்க்கில் வெட்ட முடியாது. வெள்ளையில்லாமல் அச்சிடவும் முடியாது. இங்கேதான் ஸ்க்ரீன் பிரிண்டிங் கைகொடுக்கும். உலகின் உயர்ந்த டெக்கால்களை அடிக்கும் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் நிறுவனமும் ஸ்க்ரீன் முறையில்தான் அச்சிடுகிறது. கொள்கை அளவில், விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகையில் தங்க நிறம் ஏற்றும் பட்டறையும் செய்வது அதையேதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மை வெள்ளையாகவும் இருக்கலாம், அடியில் உள்ளதை முழுக்க மறைக்கவும் செய்யும்.

இதில் இரண்டு தடைகள். வலை நெருக்கமாக இருக்க வேண்டும். துணிக்கு அடிக்கும் அகன்ற கண் வலையில் 2 மில்லிமீட்டர் எழுத்து நிற்காது. அடுத்து, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காருவது. கல்யாணப் பத்திரிகையில் கால் மில்லிமீட்டர் விலகினால் யாரும் பார்க்க மாட்டார்கள். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் அது முகத்தில் அறையும். ஆகவே பட்டறையில் டெக்கால் தாளில் வெள்ளையை மட்டும் அடித்துக்கொண்டு, மற்ற நிறங்களை லேசரில் அச்சிட்டு மேலே ஒட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். வெள்ளை எழுத்து, வெள்ளை எண், சின்னங்களுக்கு அடித்தளமான வெள்ளை உருவங்கள் எல்லாம் ஒரே வலையில், ஒரே இழுப்பில் வந்துவிடும். அச்சின் மேல் தெளிந்த லாக்கரை ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் படலம் உடையாது.

தண்ணீர், வெயில், ஈரக்காற்று

ஒட்டும் முறையில் கையேடுகளோடு எனக்குச் சண்டை இல்லை. மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று தங்கி, வெள்ளிபோல் மின்னும். இந்தக் கேடு வீட்டில் செய்த டெக்காலில் இன்னும் அதிகம், ஏனென்றால் அதன் படலம் தாள் முழுவதும் பரவியிருக்கிறது. எனவே எழுத்தை ஒட்டி எவ்வளவு நெருக்கமாக வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்ட வேண்டும். டெக்காலைப் படியவைக்கும் மைக்ரோ செட் திரவம் கிடைக்காவிட்டால், வெள்ளை வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து தடவலாம், வேலை நடக்கும்.

கையேடுகள் சொல்லாதது நம் தண்ணீரும் தட்பவெப்பமும். போர்வெல் தண்ணீரில் நனைத்து ஒட்டினால், காய்ந்த பிறகு சின்னத்தைச் சுற்றி உப்புக் கோடு பூக்கும். கேன் தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. கத்திரி வெயிலில் மதியம் ஸ்பிரே அடித்தால், வண்ணத்துளி காற்றிலேயே காய்ந்து மணல்போலப் படியும். விடிகாலையில் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறான தொல்லை. ஈரக்காற்றில் தெளிந்த லாக்கர் பால்போல் வெளுத்துவிடும். மரக்காணம் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் திண்டிவனத்தில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். மழை நாளில் தெளிந்த பூச்சைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெறும் டெக்கால் தாளும் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் உறையில் போட்டு வைக்க வேண்டும். நம் வெயிலால் ஓர் ஆதாயமும் உண்டு. பழைய கிட்டில் மஞ்சளாகிப்போன டெக்கால் தாளை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிச் சில நாள் வெயில் படவிட்டால் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும்.

கடைசியாகச் செலவு. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒரு வலைக்கான செலவு ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாதிரி விமானப் போட்டியும் உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குக் குறைவிருக்காது. ஏ4 தாள் ஒன்றில் வைக்க வேண்டியவை என்று என் பட்டியல் இது: 0 முதல் 9 வரையிலான எண்கள் 2.8 மில்லிமீட்டரிலும் 4.2 மில்லிமீட்டரிலும் எட்டெட்டு முறை, வால் எண்ணின் முன்னெழுத்துகள் அதே இரண்டு அளவில், என்வி எழுத்துகள் நான்கு செட், நாகரி எழுத்து மூன்று அளவில், மூவர்ண வட்டத்துக்கு அடித்தளமாக 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை வெள்ளை வட்டங்கள், வால் பட்டைக்குச் செவ்வகங்கள். ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் கே2743.